வராத ஆளுக்கும் ஒரு பொட்டலம்

எங்கள் அறையில் வைத்தியம் எப்போதும் இரண்டு பேருக்கு. ஒருத்தர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இன்னொருத்தர் எங்கேயோ களை எடுத்துக்கொண்டோ மாவு ஆட்டிக்கொண்டோ, தனக்கு ஒரு வைத்தியம் நடக்கப் போவதே தெரியாமல் இருப்பார். எதிரில் இருக்கிறவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். மாத்திரையைக் கையில் கொடுத்து, நம் கண்ணெதிரே முழுங்க வைத்தால் தீர்ந்தது. வராத ஆளுக்கு வைத்தியம் பண்ணத்தான் ஆலோசகரான எனக்குச் சம்பளம் என்று டாக்டரம்மா கிண்டல் பண்ணுவார்.

பால்வினை நோய் என்று வெளியே பலகையில் எழுதியிருக்கிறது. அதை ஒருத்தர் வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதுகிற இடத்தில் வந்து, "அந்தக் கடைசி ரூமு" என்பார்கள். திருநாவலூர் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "இந்தக் கூச்சப்படற ரூமு எதுங்க?" என்று கேட்டாராம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நானும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறேன். கூச்சப்படற ரூமுக்குக் கிளம்பறேன், சோத்தை மூடி வையுங்க.

என் பட்டம் தபாலில் வாங்கினது. பேச்சு மட்டும் உளுந்தூர்பேட்டையில் கற்றுக்கொண்டது. அங்கே லாரி நிற்கிற இடங்களில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஆறு வருஷம் டிரைவர்களிடம் ஆணுறையும் அறிவுரையும் கொடுத்துக்கொண்டு திரிந்தேன். முன்னதை வாங்கிக்கொள்வார்கள், பின்னதற்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைப்பார்கள். அவர்கள் கணக்கில் உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் காரணம் சூடு. நீர்க்கடுப்பா, இன்ஜின் சூடு. சீழ் வருகிறதா, இன்ஜின் சூடு ஜாஸ்தி. மூன்று நாளாகத் தர்பூசணியைத் தவிர வேறெதுவும் தின்னாமல் வந்த ஒரு டிரைவர், "இன்னும் இறங்கலீங்க" என்று வண்டி ரேடியேட்டரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அந்த மாதிரிப் பேச்சைக் கேட்கத்தான் நான் இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சில சமயம் தோன்றும்.

இன்னொன்று, எங்கள் அறையில் எல்லாருக்கும் ஒரே ஒரு தபாதான். "ஒரே ஒரு தபாங்க" என்று ஆரம்பித்து, அந்த ஒரு தபாவை மட்டும் நான்கு விதமாகச் சொல்வார்கள். நான் எண்ணுவதில்லை. எத்தனை தபா என்பது எனக்கு வேண்டாம். வீட்டில் இருக்கிறவருக்கும் மாத்திரை போகணும், அதுதான் வேண்டும். இரண்டு பேர் மழையில் நனைந்து வந்திருக்கும்போது ஒருத்தர் தலையை மட்டும் துவட்டி என்ன பயன்? பக்கத்தில் படுத்தால் மறுபடி ஈரம்தானே. இதை நான் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சொல்கிறேன். தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு, "அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கா" என்பார்கள்.

இப்படித் தலையாட்டியவர்களில் ஒருத்தன் கல்வராயன் மலையிலிருந்து வந்தான். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு, கீழே ஜவ்வரிசி மில்லில் இறக்குவான். கிழங்கு சீசனில் மில் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள் காத்திருக்கணும். அந்தக் காத்திருப்பில்தான் அவனுடைய ஒரே ஒரு தபாவும் நடந்தது. டாக்டரம்மா பார்த்து, சாம்பல் நிறப் பொட்டலம் எழுதினார். எங்களிடம் பொட்டலங்களுக்கு நோயின் பேர் கிடையாது, நிறம்தான். சாம்பலில் இரண்டே மாத்திரை, ஒரே வேளை. என் எதிரிலேயே முழுங்கிவிட்டு எழுந்தான்.

உட்காருப்பா, இன்னொரு பொட்டலம் இருக்கு என்றேன்.

கல்யாணமாகி மூன்று வருஷம். குழந்தைக்காக வேண்டாத சாமி இல்லை. அவன் மனைவிக்கு ஒரு தொந்தரவும் இல்லையாம். அதுதான் எங்களுக்குப் பயம். ஆம்பிளைக்கு இது எரிந்து, ஒழுகி, ஊரைக் கூட்டிவிடும். பெண்ணுக்குச் சத்தமில்லாமல் உள்ளே ஏறும். ஏறி, கர்ப்பக் குழாயை அடைத்துவிட்டால் அப்புறம் எந்தச் சாமியும் கஷ்டப்படணும். டாக்டரம்மா இதைப் படம் போட்டு விளக்கினார். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஒரே மூச்சில் சொன்னான்.

"மாத்திர அவ வயித்துக்குள்ள போவணும்க்கா. அவ வூட்ட வுட்டுப் போவக் கூடாது. ரெண்டும் நடக்கணும்."

கூட்டிக்கொண்டு வா என்றேன். கிழங்கு பிடுங்குகிற நேரம், வரமாட்டாள் என்றான். ஞாயிற்றுக்கிழமை என்றேன். ஞாயிற்றுக்கிழமை கிழங்குக்குத் தெரியாது என்றான். அவன் பயம் எனக்குப் புரிந்தது. அவள் பிறந்த ஊர் நடுவில் ஒரு மலை தள்ளி. கோபித்துக்கொண்டு போனால், அண்ணன்காரன் இவனுக்குக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே தங்கச்சிக்குக் கறி சமைத்துப் போடுவானாம். கடைசியில் டாக்டரம்மா, மாத்திரையை அவனிடமே கொடுத்தனுப்பலாம் என்றார். அவளுக்கு மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் தடித்ததுண்டா, நாள் தள்ளியிருக்கிறதா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். கூட ஒரு சீட்டும் உண்டு. அதில் பேர் இருக்காது, நோய் இருக்காது. ஒரு நம்பரும் எங்கள் அறையும் மட்டும்.

என்ன சொல்லிக் கொடுக்கணும் என்றும் பாடம் நடத்தினேன். "எனக்குக் கிருமி இருக்குதாம். உனக்கும் இருக்கலாமாம். ரெண்டு பேரும் சாப்புடணும்னு டாக்டர் சொன்னாங்க. சந்தேகம் இருந்தா நீயே வந்து கேளு." அவ்வளவுதான். இதில் பொய் ஒன்றும் இல்லை. முழுக் கதையும் இதில் இல்லை. கைகட்டி நின்று, மனப்பாடச் செய்யுள் போல நான்கு முறை ஒப்பித்தான். நாலாவது முறை தடங்கலே இல்லை. எனக்கு ஒரே பெருமை. என் பாடத்தைத்தான் அவன் சொல்கிறான், அவன் பயம் அப்படியே உள்ளே இருக்கிறது என்பது எனக்குப் படவில்லை.

ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தேன். பத்தாம் நாள்தான் வந்தான். மீசை கீழே தொங்கிப்போயிருந்தது.

மலை ஏறுகிற வரைக்கும் ஒப்பித்துக்கொண்டே போயிருக்கிறான். வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததும் முதல் அடியே மறந்துவிட்டது. இரண்டு நாள் பொட்டலம் வண்டி சீட்டுக்கு அடியில் கிடந்தது. மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்திருக்கிறது. கருவாடு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இன்னிக்கு நான் குழம்பு வெக்கறேன், நீ உக்காரு என்றிருக்கிறான்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

அம்மிக்கல்லில் இரண்டு மாத்திரையையும் மிளகோடு சேர்த்து அரைத்திருக்கிறான். கருவாட்டு வாசத்துக்கு எதுவும் தெரியாது என்பது அவன் கணக்கு. வாசம் தெரியவில்லைதான். ஆனால் அந்த மாத்திரையின் கசப்பு இருக்கிறதே, வேப்பங்காயே கொஞ்சம் தள்ளி உட்காரும். முதல் வாயை வைத்ததும் துப்பிவிட்டு, "இன்னா கலந்த?" என்று கேட்டிருக்கிறாள். ஒன்றும் இல்லை என்றிருக்கிறான். "அப்பத் துன்னு காட்டு."

அடுப்புப் பக்கமே வராத ஆம்பிளை அன்றைக்குக் குழம்பு வைத்ததே அவளுக்குப் பாதி சாட்சி. இவன் மீதி சந்தேகத்தைத் தீர்க்க, சட்டியோடு எடுத்து முழுவதையும் தின்று காட்டியிருக்கிறான். இரண்டு நாள் வயிறு போனதுதான் மிச்சம்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. சாப்பாட்டில் ரகசியமாக எதையாவது கலந்து கொடுத்து ஆளை மயக்குவது, மந்தமாக்குவது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. இடுமருந்து என்பார்கள். மலையிலும் உண்டு, கீழேயும் உண்டு, கம்ப்யூட்டர் படித்தவர்கள் வீட்டிலும் உண்டு. பொதுவாகப் பெண்கள் ஆண்களுக்கு வைத்துவிட்டார்கள் என்றுதான் புகார் வரும். இவள் கேட்டது, ஆம்பிளை நீ எனக்கு எதற்கு வைத்தாய், என்னை மந்தமாக்கிவிட்டு இன்னொருத்தியைக் கூட்டி வரப் போகிறாயா என்று. மறுநாள் காலையில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, கச்சிராயபாளையம் பக்கத்தில் இடுமருந்து எடுக்கிற ஒரு அம்மாவிடம் போய்விட்டாள். அந்த அம்மா ஏதோ தழைச்சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, பஞ்சு உருண்டை மாதிரி ஒன்றைக் காட்டி, இதுதான் வெச்சது, இதுக்குப் பின்னாடி ஒரு பொம்பள இருக்கா என்று சொல்லியிருக்கிறது. அங்கிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"போனது நானு. துன்னது நானு. வாந்தி எடுத்தது மட்டும் அவ," என்றான் அவன்.

சிரிப்பை அடக்க நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். புரட்டிக்கொண்டே யோசித்தால் சிரிப்பு தானாக நின்றது. பத்து நாள் ஆகிவிட்டது. அவள் வயிற்றுக்குள் ஒரு துளி மருந்து போகவில்லை. வீட்டை விட்டும் போயாகிவிட்டது. அவன் கேட்ட இரண்டில் ஒன்றுகூட நடக்கவில்லை. அதுவும் என் பொட்டலத்தால்.

சொல்லாமல் கொடுப்பது ரொம்பத் தப்பு, அவள் உடம்புக்குள் போகிறதை அவள் தெரிந்துகொண்டு முழுங்கணும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். தலையை ஆட்டினான். நீயே வந்து சொல்லிவிடேன் அக்கா என்றான். அது என் வேலை இல்லை, உன் சம்மதம் இல்லாமல் உன் விஷயத்தில் ஒரு எழுத்துகூட என் வாயிலிருந்து போகாது, சம்மதம் கொடுத்தாலும் நீதான் சொல்லணும் என்றேன். எப்படியாவது கூட்டிக்கொண்டு வா, நான் பக்கத்தில் இருக்கிறேன். கிழங்கு வண்டியோடு போய்விட்டான்.

அவன் கூட்டி வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள்.

காலையில் வெள்ளிமலை பஸ் வந்து கொஞ்ச நேரம் இருக்கும். சிவப்புச் சேலை, நல்ல உயரம், வெயிலில் வேலை செய்கிற கை. உள்ளே வந்து, கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கசங்கின மாத்திரை அட்டையும் எங்கள் சீட்டும் மேசை மேல் விழுந்தன. துணி எடுக்க ஒரு நடை புருஷன் வீட்டுக்குப் போனவள், அவன் சட்டையைத் துவைக்க எடுத்திருக்கிறாள், பையில் இது இரண்டும் இருந்திருக்கிறது. கோபித்துக்கொண்டு போனவள் அவன் சட்டையை எதற்குத் துவைத்தாள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மலையிலிருந்து வருகிறவர்கள் என்னை நீ என்றுதான் பேசுவார்கள். கலெக்டரையும் அப்படித்தான். மரியாதைக் குறைவு கிடையாது, பழக்கம்.

"இந்த நம்பரு உன் ரூமுதான அக்கா? இது ஆள மயக்கற மருந்தா?"

இல்லம்மா, அரசாங்க மாத்திரை, கிருமிக்குக் கொடுக்கிறது, ஆளை மயக்கணும் என்றால் நான் முதலில் எங்கள் மேலதிகாரிக்குக் கொடுத்திருப்பேன் என்றேன். சிரிக்கவில்லை. எனக்கு என்ன நோவு என்று கேட்டாள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், இருந்தும் தெரியாமல் இருக்கலாம், டாக்டரம்மா பார்க்கட்டும், பார்க்கலாமா வேண்டாமா என்று நீதான் சொல்லணும் என்றேன். கர்ப்பக் குழாய் படத்தை எடுத்து, எதற்காகச் சீக்கிரம் சாப்பிடணும் என்று விளக்கினேன். அதை மட்டும் விரல் வைத்து இரண்டு முறை பார்த்தாள். பிறகு, அவருக்கு என்ன என்று கேட்டாள்.

இதற்கு எங்களுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் விஷயத்தை அவர்தான் சொல்லணும், நாளைக்கு நீ சொல்வதையும் நான் அவரிடம் சொல்லமாட்டேன். அதையே சொன்னேன்.

"அப்ப எவளோ ஒருத்தி இருக்கா."

ஆமாம் என்று சொன்னால் அவனுக்குத் துரோகம். இல்லை என்று சொன்னால் இவளுக்குப் பொய். ஜன்னலைப் பார்த்தேன். மேசையில் இருந்த பேனாவுக்கு மூடி போட்டேன், கழற்றினேன்.

"வந்ததுலேர்ந்து வாய் மூடாம பேசிக்கினு இருந்த. இதுக்கு மட்டும் பேனாவத் தொறந்து தொறந்து மூடற," என்றாள். "போதும் வுடு. தெரிஞ்சிபோச்சி."

இத்தனை வருஷமாக என் பலம் பேச்சுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயாடி சும்மா இருந்தால் அதுவே தமுக்கடித்த மாதிரி ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித் தரவில்லை. என்னை மாதிரி ஆளை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். டம்ளரில் தண்ணீரும் வைத்தேன். கோபம் அவர் மேல் இருக்கட்டும், உன் வயிற்று மேல் எதற்கு என்றேன். அவள் பொட்டலத்தைக் கையால் தள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"அவன் வாயால சொல்லட்டும். அப்பறம் முழுங்கறேன். தெரியாம எதையும் இனிமே வாயில வெக்க மாட்டேன். நீ குடுத்தாலும் சரி."

அவள் எதிரிலேயே அவனுக்குப் போன் போட்டேன். அவன் மில் வரிசையில் இருந்தான், முன்னால் பதினோரு வண்டியாம். நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், "வந்திருக்கா." வரிசையை விட்டுவிட்டு, கிழங்கு லோடோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். ஆம்புலன்ஸ் போகிற வழியில் வண்டியை நிறுத்தியதற்கு செக்யூரிட்டி திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். கிழங்கை எந்த வார்டுல சேக்கப் போற என்று அவர் கேட்டது உள்ளே வரை கேட்டது.

அவன் வந்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டான். நான் பயந்தபடியே பாடத்தை ஆரம்பித்தான். "எனக்குக் கிருமி இருக்குதாம். உனக்கும் இருக்கலாமாம். ரெண்டு பேரும்..."

"இது இந்த அக்கா சொல்லிக் குடுத்தது," என்றாள் அவள். "உன்னுது சொல்லு."

நான் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றதுதான் என் பணிக்காலத்திலேயே ரொம்பக் கஷ்டமான வேலை. உள்ளே முதலில் அவன் குரல், விட்டு விட்டு. பிறகு அவள் குரல், நீளமாக, ஆனால் உரக்க இல்லை. உரக்கக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் என்னிடம், உள்ளே நேரமாகுமா, சூடு தாங்கலீங்க என்றார். கொஞ்சம் பொறுங்க, உள்ளே அதைவிட ஜாஸ்தி என்றேன்.

கதவு திறந்தது. அவன் கண் சிவந்திருந்தது. அவள் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, பொட்டலத்தை அவளே பிரித்தாள். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். முதலில் பெரியது, அப்புறம் சின்னது. டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்தாள். நான் கேட்காமலேயே வாயைத் திறந்து காட்டினாள், எனக்கு இல்லை, அவனுக்கு. டாக்டரம்மா பரிசோதனைக்கும் சரி என்றாள். பார்த்துவிட்டு, இன்னும் உள்ளே ஏறின மாதிரி தெரியவில்லை, நேரத்தோடு வந்துவிட்டாள் என்றார். அதைக் கேட்டதும் அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

கடைசியாக ஒரு விஷயம் சொல்லியாகணும். இன்றையிலிருந்து ஏழு நாள் ரெண்டு பேரும் சேராமல் இருக்கணும் என்றேன். இதைச் சொல்லும்போது வழக்கமாக ஆண்கள் முகம் சுருங்கும், பெண்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். அவள் நேராகப் பார்த்தாள்.

"ஏழு நாள் எங்க அம்மா வூட்ல இருப்பேன். எட்டாம் நாள் வந்து கூப்புடட்டும். எங்க அண்ணன் முன்னாடி இல்ல, எங்கிட்ட. வர்றதா வேணாமான்னு அப்ப நான் சொல்றேன்."

அவன், சரி என்றான். அவள் அவன் வண்டியில் ஏறவில்லை. மதியம் பஸ்ஸுக்கே போனாள். அவன் கிழங்கு வண்டியை எடுத்துக்கொண்டு அந்த பஸ் பின்னாலேயே கச்சிராயபாளையம் வரை போயிருக்கிறான், மில் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்பது ஞாபகமில்லாமல்.

அந்த எட்டாம் நாள் என் நாட்காட்டியில் இருந்தது. அன்றைக்கு ஒரு போனும் இல்லை. மலையில் டவர் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். மறுநாளும் இல்லை. நானாகப் போன் பண்ணவும் கூடாது, அது அவர்கள் வீட்டு விஷயம். இரண்டு பேரும் மறுபரிசோதனைக்கு வரவேண்டிய தேதி மட்டும் எனக்குச் சொந்தம். அதற்குக் காத்திருந்தேன்.

அந்தத் தேதிக்கு அவள் மட்டும் வந்தாள். அவனைக் காணோம். எங்கே என்று நான் கேட்கக் கூடாது. ரிஜிஸ்டரைத் திறந்து, எல்லாரிடமும் கேட்கிற வரிசையில் கேட்டேன். சீட்டு நம்பர். சொன்னாள். எரிச்சல், வலி ஏதாவது. இல்லை. ஏழு நாள் கடைப்பிடித்தீர்களா. "ஒம்போது நாள்," என்றாள், ஒரு நாளும் குறைக்காமல். அப்புறம், எந்த ஊர்லேர்ந்து வந்தீங்க.

அவள் அம்மா ஊர் பேரைச் சொல்லவில்லை. அவன் ஊர் பேரைச் சொன்னாள். வண்டியை ஆம்புலன்ஸ் வழியில் நிறுத்தாமல் தூரமாக நிறுத்தி வர அவனுக்குக் கொஞ்சம் நேரமாகும், அதுக்குள்ள டாக்டரம்மாவ என்னைப் பாத்துடச் சொல்லு அக்கா என்றாள். நான் ஊர் பேரை எழுதினேன், கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.